கேப்டன் சாப்பிடப் போன நேரத்தில்

"பத்து நிமிஷம் இதைப் பிடியுங்கள், மிஸஸ் டோனி" என்று சொல்லி, ஜப்பானில் வாங்கிய தன் தூண்டில் கழியை என் கையில் திணித்துவிட்டுக் கேப்டன் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

கப்பலின் பின்பக்கம். உச்சி வெயில். இரும்புத் தளம் செருப்பையும் மீறிச் சுட்டது. காய்ந்த உப்பும் கறுப்பு எண்ணெயும் கலந்த ஒரு வாடை. சுற்றிலும் இந்து மகா சமுத்திரம், ஓர் அலைகூட இல்லாமல், ஊர் ஏரி மாதிரி கிடந்தது.

மிஸஸ் டோனி நான்தான். என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். அந்தச் சரக்குக் கப்பலில் மூன்றாவது இன்ஜினியர். "தணிகாசலம்" என்று சொல்லிப் பார்க்கக் கேப்டன் ஒரு நாள் முயன்றார். பாதியிலேயே மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து அவர் டோனி. திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயரை ஒரே மூச்சில் கோவாவுக்கு அனுப்பிவிட்டார் மனிதர். மரகதமாகிய நானும் கூடவே போய்ச் சேர்ந்தேன்.

நான் முட்டை ஓட்டைக்கூட மிதிக்காத வீட்டில் பிறந்து, அதைவிடக் கறாரான வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். தூண்டில் என்பது கையில் எடுக்க வேண்டிய பொருள் என்பதே எனக்குப் புதுசு. சும்மா உட்கார அலுப்பாக இருந்தது. அதனால் கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் தேடுவதுபோல, கழியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கழி வில்லாக வளைந்தது. என்னை யாரோ கடலுக்குள்ளிருந்து கையைப் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது.

"பாய்! கரீம் பாய்!" என்று சமையல்காரரைக் கூப்பிட்டு நான் போட்ட சத்தம் எங்கள் ஊர் மீஞ்சூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கடலில் இல்லை, இன்ஜின் ரூமில்

மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்கு மீன் என்றால் ஆகாது. கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் பொன்னேரிக் கூடைக்காரப் பெண்கள் ஏறினால், முகத்தில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அடுத்த பெட்டிக்கு மாறுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தின் ஒரே மகன் போய்க் கடலில் வேலை தேடிக்கொண்டான். மாமியார் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். யார் கேட்டாலும், "அவன் கடல்ல இல்ல, இன்ஜின் ரூம்ல இருக்கான்" என்பார்.

எழுபதுகளின் ஆரம்பம். ஆபீசர்களின் மனைவிமார் ஒரு பயணம் கூடப் போகலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்தது. மெட்ராஸிலிருந்து ஆப்பிரிக்காவில் இருக்கும் மொம்பாசாவுக்குச் சரக்கு. நானும் போகிறேன் என்றதும் வீடே கூடிவிட்டது.

செவ்வாப்பேட்டையிலிருந்து மாமியாரின் தம்பி வந்தார். எங்கள் குடும்பத்தில் கடல் விஷயத்தில் அவர்தான் நிபுணர். காரணம், பழவேற்காட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறார். ஏரியில் படகு ஏறி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கரைக்கு வந்ததும் இரண்டு எலுமிச்சம்பழம் முகர்ந்தவர்.

"திமிங்கிலத்தைப் பாத்தா பயந்துக்காதே மரகதம். அது நம்மள மாரி சாதுப் பிராணி. ஒரு போட்டோ எடுத்துக்கினு வந்துடு" என்றார், ஏதோ மகாபலிபுரத்துச் சிற்பத்தைச் சொல்வதுபோல.

மாமியார் இரண்டு ஜாடி கட்டிக் கொடுத்தார். ஒன்றில் ஆவக்காய். இன்னொன்றில் ஈரப்புடவையோடு, யாரையும் கிட்ட வரவிடாமல் மடியாகப் போட்ட மாவடு. துணியால் வாயைக் கட்டும்போது சொன்னார்: "மீனைக் கண்ணால பாக்கலாம், தப்பில்ல. கையால மட்டும் தொட்டுடாத. தொட்டேன்னா இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது."

தொப்பியும் புத்தகமும்

கேப்டன் மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். கப்பலை நன்றாகத்தான் ஓட்டினார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் கப்பல் ஓட்டுவதை அவர் ஒரு பிழைப்பாகத்தான் நினைத்தார். தன்னுடைய உண்மையான திறமை கடல்வாழ் உயிர்களை அறிவதிலும் மீன் பிடிப்பதிலும் இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம்.

அதற்கென்று ஒரு வெள்ளைத் துணித் தொப்பி. கழுத்தில் பைனாகுலர். வண்ணப் படங்கள் போட்ட ஒரு தடிப் புத்தகம். இவ்வளவும் இருந்து, பார்வையாளர் மட்டும் இல்லாத குறை. கப்பலில் வேலையில்லாத ஒரே ஆள் நான். ஆகவே தினமும் எனக்கு வகுப்பு.

"அதோ பாருங்கள், மிஸஸ் டோனி! திமிங்கிலம்!"

பார்ப்பேன். தென்னைமரத் துண்டு ஒன்று மிதந்து போகும்.

இன்னொரு நாள் திமிங்கிலக் குட்டி என்றார். கிட்ட வந்ததும் அது ஓர் ஆமை. முதுகில் ஒரு கடற்பறவை, பாசஞ்சரில் ஜன்னல் சீட்டு கிடைத்தவர் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. கேப்டன் புத்தகத்தைப் புரட்டி, "இளம் திமிங்கிலங்கள் சில சமயம் ஆமையைப்போலத் தோற்றமளிக்கும்" என்றார். புத்தகத்தில் அப்படி இருந்ததா என்று நான் எட்டிப் பார்த்தேன். மூடிவிட்டார்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தப்புத் தப்பாகக் காட்டியதைப் பார்க்கப் போய்த்தான், அவர் காட்டாததையெல்லாம் நான் பார்த்தேன். காலையில் தளத்தில் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்கும். சிறகு ஈர டிஷ்யூ காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நீல நிறத்தில் ஊதிய பலூன் போன்ற ஏதோ ஒன்று கூட்டமாக மிதந்து போகும். ஒரு நாள் விடியலில் டால்பின்கள் வந்தன. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போல முண்டியடித்துக்கொண்டு கப்பல் மூக்குக்கு முன்னால் ஓடின. கேப்டன் அப்போது புத்தகத்தில் டால்பின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தபோது அவை போய்விட்டிருந்தன.

மீன் பிடிப்பதிலும் இதே கதைதான். பின்பக்கம் நாற்காலி போட்டு, கழியைக் கோயில் கொடிமரம் மாதிரி அசைக்காமல் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். புறப்பட்ட நாளிலிருந்து ஒரு மீன்கூட அவரை மதிக்கவில்லை.

நின்று போன கப்பல்

இலங்கையைச் சுற்றிக்கொண்டு நடுக்கடலுக்கு வந்தபிறகு ஒரு நாள் காலை, காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

உள்ளே ஏதோ பெரிய பேரிங் பொசுங்கிப் போய்விட்டது. கையிருப்பில் இருந்த புதுசு அளவில் பொருந்தவில்லை. அதைக் கையால் ராவி ராவிப் பொருத்த வேண்டும். என் வீட்டுக்காரர் அன்று கீழே இறங்கியவர், அதன்பிறகு கரிமூஞ்சியோடு படுக்க மட்டும் மேலே வந்தார். பக்கத்தில் உதவிக்கு வரக் கப்பல் எதுவும் இல்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குளிர் அறையை அணைத்தார்கள். அதிலிருந்த இறைச்சி கெட்டுப்போக, எல்லாவற்றையும் கடலில் கொட்டினார்கள். சுறாக்கள் வந்து தின்றுவிட்டு, இன்னும் வரும் என்று இரண்டு நாள் சுற்றின. வெயிலில் காய்கறி அழுகியது. சிப்பந்திகளுக்கு அரிசியும் பருப்பும் மிஞ்சின. பிறகு பருப்பும் குறைந்தது.

கேப்டன் மேஜைக்கு மட்டும் டின் உணவு இருந்தது. ஆகவே அவருடைய மீன்பிடியில் எந்த அவசரமும் இல்லை.

வாரம் தாண்டியது. இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற ஆள் ஒருவர் சூட்டில் மயங்கி விழுந்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு அந்த உலையில் இரும்பைத் தூக்கினால் வேறு என்ன ஆகும்? கப்பலுக்கு அடியிலோ, நிழலுக்கு ஒதுங்கிய மீன்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. மேலிருந்து பார்த்தாலே தெரியும். சிப்பந்திகள் கேப்டனிடம் போய், தூண்டில் போட அனுமதி கேட்டார்கள்.

கூடாது என்றார். சிப்பந்திகள் தளத்திலிருந்து மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர் கப்பலில் விதி. கயிறு போய்ப் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளுமாம்.

புரொப்பெல்லர் சுற்றாமல் நின்று வாரம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது.

அதையும் மீறி ஒருவர் முன்பக்கத்தில் ரகசியமாகக் கயிறு விட்டார். கேப்டன் பார்த்துவிட்டார். எல்லோரையும் வரவழைத்து, தன் கையாலேயே பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்துக் கடலில் விட்டார். அறுக்கும்போது நுனியில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு வைக்கும் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

(பின்னாளில் என் வீட்டுக்காரர் கடலை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே ஓடாத மிஷினுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கக் கூடாது என்று ஒரு மேனேஜர் அபராதம் போட்டாராம். வீட்டுக்கு வந்து, "கேப்டன் கரைக்கு வந்துட்டாரு மரகதம்" என்றார்.)

பழவேற்காட்டுக்காரர்

சமையல்காரர் கரீம் பாய்க்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அதனாலேயே கப்பலில் எல்லோரும் அவரை மீன் விஷயத்தில் பெரிய ஆள் என்று நினைத்தார்கள். என்ன மீன், எப்போது வரும், எதற்கு மயங்கும் என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவரும் தாடியைத் தடவிக்கொண்டு, கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏதாவது சொல்லி வைப்பார்.

என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"தங்கச்சி, நம்ம பக்கத்துப் பொண்ணு நீ, உன்கிட்ட இன்னா மறைக்கிறது? எங்க வாப்பா துணி யாவாரம். மீனு எங்க ஊட்டுக்கு வெட்டிக் கழுவித்தான் வரும். எனக்கு வஞ்சிரமும் தெரியாது, வௌவாலும் தெரியாது. மசாலா தடவிட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"பின்ன ஏன் பாய் எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கீங்க?"

"ஊரு பேரைக் காப்பாத்தணுமில்ல?"

கழி வளைந்த அன்று நான் கத்தினவுடன் ஓடி வந்தவர் இவர்தான்.

பொன்

"இழு தங்கச்சி! இழு! விட்டுடாத!"

"நீங்க பிடிங்க பாய், நான் தொடக் கூடாது!"

"கழியத்தான புடிச்சிருக்க! கழி இன்னா மீனா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிடித்துக்கொண்டேன். கரீம் பாய் பின்னாலிருந்து கழியைத் தாங்க, இன்னும் இரண்டு சிப்பந்திகள் ஓடி வந்து கயிற்றைச் சுற்ற, நான் காலைக் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட, அது மேலே வந்து தளத்தில் விழுந்தது.

கிட்டத்தட்ட என் இடுப்பு உயரம். நெற்றி செங்குத்தாக, சுவர் மாதிரி. உடம்பு முழுக்கப் பொன். வெறும் மஞ்சள் இல்லை. நகைக்கடையில் விளக்குப் போட்டுக் காட்டுவார்களே, அந்தப் பொன். முதுகில் மயில் கழுத்து நீலம். துள்ளத் துள்ள நிறம் மாறியது. பச்சை ஓடியது, வெள்ளி ஓடியது, மறுபடி பொன். அதன் கண் என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. பாவம் செய்துவிட்டேன் என்றா, இவ்வளவு அழகாக ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்றா, இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இது இன்னா மீனு பாய்?" என்றேன்.

"மீனு, தங்கச்சி" என்றார் பழவேற்காட்டுக்காரர், மிகுந்த யோசனைக்குப் பிறகு.

யார் பிடித்த மீன்?

சத்தம் கேட்டுக் கேப்டன் வந்தார். கழுத்தில் செருகிய நாப்கினை எடுக்கவில்லை. மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

தொண்டையைக் கனைத்தார். "கழி என்னுடையது. கொக்கி என்னுடையது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். முறைப்படி பார்த்தால்…"

"உங்க மீன்தான் கேப்டன்" என்றேன் நான், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "நீங்கள்தான் பிடித்தீர்கள். நான் பக்கத்தில்கூட இல்லை."

அவர் என்னைப் பெரிய தியாகி மாதிரி பார்த்தார். தியாகமும் இல்லை ஒன்றும் இல்லை. மீஞ்சூர்ப் படியில் என்னை ஏற்ற மாட்டார்களே என்ற பயம். நான் மீன் பிடித்த சேதி வெளியே போகாமலிருப்பதில் அவரைவிட எனக்குத்தான் அக்கறை அதிகம். அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

கரீம் பாயும் அந்த இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்கள். ஒட்டிய கன்னம். கண் மீன்மேல். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"ஆனால் கேப்டன், இவங்க மூணு பேரும் பார்த்துட்டாங்களே. இவங்க பேசாம இருக்கணுமே" என்றேன்.

"இருப்பார்கள். நான் உத்தரவு போடுவேன்."

"பசிச்ச வாய் உத்தரவுக்கு மூடாது கேப்டன். சாப்பிட்டுக்கினு இருந்தா தானா மூடிக்கும்."

பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கரீம் பாய் மீதியை இந்தியில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். கூடவே தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தார் என்று நினைக்கிறேன். கேப்டன் நெடுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு, விதி என்பது கப்பல் ஓடும்போதுதான் பொருந்தும் என்பது இப்போதுதான் தன் ஞாபகத்துக்கு வருவதாகச் சொன்னார்.

சொல்லிவிட்டுக் கேமராவை எடுக்க உள்ளே போனார். மடிப்புக் கலையாத வெள்ளை யூனிபாரம் மாற்றி, தலை வாரி, தொப்பி வைத்துக்கொண்டு வருவதற்குள் மீன் செத்துவிட்டது. பொன்னும் நீலமும் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஈயப் பாத்திரத்து நிறத்தில் கிடந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த படத்தை நான்தான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு கப்பலின் நாலு பக்கமும் கயிறுகள் இறங்கின. வேட்டிக் கிழிசல், பளபளக்கும் டின் தகடு, எது கிடைத்தாலும் கொக்கியில் கட்டினார்கள். மீன்கள் வந்தன. கரீம் பாய் வெங்காயம் இல்லை, புளி இல்லை என்று தலையில் கை வைத்தார். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உன் மாமியா குடுத்த மாவடு கொஞ்சம் இருக்குமா? குழம்புல போட்டா தூக்கும்."

ஈரப்புடவையோடு, யாரும் கிட்ட வராமல், மடியாகப் போட்ட மாவடு. ஜாடியோடு எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் மிச்சமிருந்த ஆவக்காயைப் பிசைந்து சாப்பிட்டேன். வாசனை கதவுக்கு அடியில் வந்தது. குமட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் வீட்டுக்காரர் அன்று என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் தாம்பத்தியம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊருக்குத் திரும்பியதும் மாமியார், "மாவடு புடிச்சிதா எல்லாருக்கும்?" என்று கேட்டார். தட்டை நக்கினார்கள் என்றேன். அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எழுப்பலாமா?

சாப்பாடு உள்ளே போனதும் கீழே வேலை ஓடியது. ராவிய பேரிங் ஒரு வழியாகப் பொருந்தி, கப்பல் பெருமூச்சு விட்டுக் கிளம்பி, மொம்பாசா போய்ச் சேர்ந்தோம். ஆனால் கிளம்புவதற்கு முந்தின மதியத்தைச் சொல்ல வேண்டும். கேப்டன் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கம்பியோரம் நின்றிருந்தேன். சிப்பந்திகள் கயிறு விட்டிருந்தார்கள்.

முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. கப்பலுக்குப் பக்கத்தில், அடியிலிருந்து ஏதோ ஒரு தரை எழும்புவது மாதிரி. யாரோ ஒருவர் கயிற்றை மெல்லச் சுருட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் சுருட்டினார்கள்.

அது எழும்பியது. கறுத்த முதுகு, எழும்பிக்கொண்டே இருந்தது, முடிவே வரவில்லை. பிறகு ஒரு மூச்சு விட்டது. நீராவி இன்ஜின் ஸ்டேஷனில் நின்று ஊதும் சத்தம். தண்ணீர்ப் புகை எங்கள்மேல் வந்து விழுந்தது. வாடை தாங்க முடியவில்லை. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

என் வீட்டுக்காரர் காற்று வாங்க அப்போதுதான் மேலே வந்திருந்தார். எண்ணெய்க் கையோடு என் பக்கத்தில் நின்றார். "மரகதம்" என்றார்.

கேப்டனின் பணியாள் மெல்ல வந்து, சீஃப் ஆபீசரின் காதருகே கேட்டார்: "கேப்டனை எழுப்பலாமா சார்?"

சீஃப் ஆபீசர் பாலக்காட்டுக்காரர். விதிப்படி நடப்பவர், அதிர்ந்து பேசாதவர். அவர் என்னைப் பார்த்தார். கரீம் பாயைப் பார்த்தார். அந்தக் கயிறு அறுபட்ட ஆளையும் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "மீன் பிடிச்ச களைப்பு. உறங்கட்டும்."

அது கப்பலை ஒட்டி மெதுவாகப் போனது. ஒரு கட்டத்தில் அதன் கண் தெரிந்தது, சின்னக் கண். எங்களைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. பிறகு முதுகை வளைத்து, வாலை ஒரு முறை தூக்கி, சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. கடல் மூடிக்கொண்டது.

கால் மணி நேரம்கூடப் போயிருக்காது. கேப்டன் கொட்டாவி விட்டபடி, வெள்ளைத் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தார். பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"ஏதாவது தென்பட்டதா?"

"ஒன்றும் இல்லை சார்" என்றார் சீஃப் ஆபீசர்.

கேப்டன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பரிதாபமாகத் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கடலைப் பார்க்கத் தெரிய வேண்டும், மிஸஸ் டோனி. எல்லோருக்கும் அது வராது" என்றார்.

"ஆமாம் கேப்டன்" என்றேன்.

என் புடவையெல்லாம் அந்த மூச்சின் ஈரம். இன்னும் காயவில்லை.